எங்கள் தெருவுக்குப் போர் கேட்ட கதை

எங்கள் தெருவில் போர் என்றால் ஒன்றுதான். இரும்புக் கம்பங்களைச் சுமந்துகொண்டு லாரி வரும், பூமியைக் குடையும், வெள்ளைப் புழுதி பறக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீர் பீய்ச்சும். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ஒரு போர் இருந்தது. ஆனால் அது கலிங்கத்தில் நடந்து, அசோகர் மனம் மாறியதோடு முடிந்துபோயிருந்தது. நாலாம் வகுப்பு படித்த எனக்கு அந்தச் சொல்லில் பயப்பட எதுவும் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் சுட்டுக்கொள்வதற்கு எங்கள் வீட்டில் சண்டை என்றுதான் பெயர்.

இதில் குழப்பத்தைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தார். சேர்ந்த நாளிலிருந்து அவர் பேச்சு மாறிவிட்டது. நாங்கள் சண்டை என்றால் அவர் போர் என்பார், நாங்கள் ஊர் என்றால் அவர் பகுதி என்பார். டி.வி.யில் செய்தி வாசிக்கிற ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுவதுபோல இருக்கும்.

அவருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. கம்பெனி மாமாவை நிரந்தரமாக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்த அக்காவின் அண்ணனுக்கு லீவு கிடைக்க வேண்டும். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷக் கோடையில் அந்த அண்ணன் ராஜஸ்தான் எல்லையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பட்டாளம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. அவருடைய அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். டி.வி.யில் செய்தி போட்டால் எங்கள் வீட்டுக்குள் வரமாட்டார், வாசற்படியிலேயே நின்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை மாமா வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் அப்பா அவரைச் சீண்டினார். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும், மாமா கொண்டுவந்த படத்தைப் பார்த்துச் செய்த கார் உண்டியலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தன.

"சண்ட வந்தா எனக்குக் கவல. டீசல் இல்லன்னா சூளய மூட்ட முடியாது. உனக்கு என்ன மச்சான்? துப்பாக்கியா செய்யற? காருதான."

மாமா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்படி இல்லீங்க. போர் வந்தா மொத அடி காருக்குதான். இரும்பு, ரப்பரு எல்லாம் பட்டாளத்துக்குப் போயிடும். கப்பல்ல வர்ற சாமான் நின்னுடும். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்துட்டா எவன் காரு வாங்குவான்? அப்பறம் கார் கம்பெனியெல்லாம் காரு செய்யறத வுட்டுட்டு டேங்க்குதான் செய்யணும். பெரிய பெரிய நாட்டுலயே அப்படித்தான் நடந்திருக்குது."

"உன்ன என்ன பண்ணுவாங்க?"

"வேணும்னா வச்சிக்குவாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போன்னுடுவாங்க."

அப்பா அதற்குப் பிறகு சீண்டவில்லை. எனக்கோ ரசம் இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மணிமுத்தாறு மணலாகக் கிடந்தது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கு ஒரு குடத்தோடு மூன்று தெரு தள்ளிப் போய் வரிசையில் நிற்கிறோம். இங்கே என்னடா என்றால் போர் வரப்போகிறது, வந்தால் மாமாவின் கம்பெனியே டேங்க் செய்து கொடுக்கப் போகிறது. சந்தைப்பக்கத் தெருவில் மேடை கட்டி வைத்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்கை நினைத்துக்கொண்டேன். இப்படியொரு நல்ல செய்தியை ஏன் துக்க வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை.

அந்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிள்ளைகளின் மன்றாட்டை நான் படிக்க வேண்டும் என்றார். பூசையின் நடுவில் ஒருவர் மைக் முன்னால் நின்று தேவையைச் சொல்லி மன்றாட, கோயில் முழுக்க "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வது வழக்கம். "புத்தகத்தப் பாத்து எழுதாத, உனக்கு என்ன வேணுமோ அத எழுது" என்றார் சிஸ்டர். எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். கான்வென்டிலும் அப்போது கிணறு வற்றிப்போயிருந்தது. மாமா கார் கம்பெனியில் இருப்பதும் அவருக்குத் தெரியும். கம்பெனி ஏதோ தர்மம் செய்கிறது என்று நினைத்திருப்பார். "நல்லாருக்குது. சத்தமா, நிறுத்தி நிறுத்திப் படிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது, மாமாவும் வந்திருந்தார். முதல் மன்றாட்டைப் பங்குச் சாமியாரே சொன்னார். வழக்கமாக அது திருச்சபைக்காக இருக்கும். அன்றைக்கு எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று மன்றாடினார். பெண்கள் பக்கத்தில் பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கேட்டருளும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மைக் முன்னால் போய் நின்றேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"எங்கள் தெருவுக்குப் போர் சீக்கிரம் வரவும், கார் கம்பெனிகள் எல்லாம் கார் செய்வதை நிறுத்திவிட்டு டேங்க் செய்து தரவும் வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

வாய் பழகிய வேகத்தில் கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டரு... அந்த இடத்தில்தான் குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் பின்வரிசையில் காது கேட்காத ஒரு தாத்தா மட்டும் தனியாக முடித்து வைத்தார்.

மின்விசிறிச் சத்தம் கூரையிலிருந்து இறங்கி வந்தது. சாமியார் வாய் திறந்தபடி என்னையே பார்த்தார். சிஸ்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் ஏதோ ஒரு எழுத்தை விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி தாளைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலை நிமிர்ந்தபோது பெரியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல், நடுவழியாக, பூசை பாதியில் இருக்கும்போதே வெளியே நடந்துபோனார். பெரியம்மா இறுதி ஆசீர் வாங்காமல் கோயிலை விட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை. அக்கா தன் அம்மாவின் பின்னால் ஓடினாள்.

கோயில் வாசலில் அம்மா என் காதைத் திருகினாள். அப்பாதான் குனிந்து கேட்டார்.

"எந்தப் போருடி கேட்ட நீ?"

"தண்ணி வர்ற போருதாம்பா. மாமாதான் சொன்னாரு."

அப்பா ஒரு நிமிஷம் மாமாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து நேராகப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் எந்தப் போரைக் கேட்டேன் என்று அவரே விளக்கிச் சொன்னார். பெரியம்மா முழுவதும் கேட்டார். என் தலையில் கை வைத்தார்.

"கொழந்த வேற போரதான் கேட்டுது. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஊரே சேர்ந்து கேட்டருளும்னு சொல்லிச்சே, அவங்க எத நெனச்சிச் சொன்னாங்க தம்பி?"

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

சில நாள் கழித்து மாமா பெட்டியோடு வந்து இறங்கினார். லீவு இல்லையே என்று அம்மா கேட்டாள். வெளிநாட்டு இன்ஜினியர்கள் எல்லாம் குடும்பத்தோடு ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்களாம். வண்டி கேட்டிருந்தவர்கள் பொறுத்துப் பார்க்கிறோம் என்று ஒதுங்கிவிட்டார்களாம். டிரெயினிகளைச் சொல்லியனுப்பும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "இன்னும் போரே வரல. வரும்னு பேச்சு வந்ததுக்கே பாதி லைனு நின்னுபோச்சி" என்றார். கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றது. கோயிலே சேர்ந்து கேட்டதை ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆனால் போரைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்கு ஓடி, நான் சொன்னது தண்ணீர்ப் போர், தண்ணீர்ப் போர் என்று பீடத்துக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாமா சும்மா இருக்க முடியாமல் அப்பாவின் யூனிட்டுக்குப் போனார். அங்கேயும் காருக்குக் கேடு வந்திருந்தது. பொம்மை எடுக்கும் வியாபாரி போன் பண்ணி, கார் உண்டியல் இப்போது வேண்டாம், டேங்க் உண்டியல் அனுப்புங்கள், பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா பிளாஸ்டர் அச்சைச் செய்தார், மாமா களிமண் கரைசலை ஊற்றினார். கார் கம்பெனிக்காரர் டேங்க் செய்வார் என்று அவர் சொன்னது எங்கள் கொட்டகையிலேயே பலித்தது. வெந்து வந்த முதல் டேங்க்கை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னால் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சிப்பாயின் தலை.

"இதுல தண்ணி எங்க ஊத்தறது மாமா?"

அவர் எனக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்தபோது எனக்கு அதைக் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை. இதையா நான் கோயிலில் கேட்டேன்? பலகையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

பொம்மைகளுக்குக் கண் எழுதுவது பக்கத்து வீட்டு அக்காவின் வேலை. டேங்க்குகளுக்கெல்லாம் பச்சை அடித்தாள். சிப்பாய்த் தலைக்கு மட்டும் கண் எழுதவில்லை. வரிசையாக, வெறும் வெள்ளை முகத்தோடு எல்லாத் தலைகளும் நின்றன. அப்பா வந்து பார்த்தார். அச்சில் அந்தத் தலை இருந்த குழியைப் பிளாஸ்டர் வைத்து அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த டேங்க்குகள் மொட்டையாக வந்தன.

இதற்கிடையில் நகராட்சிக்கு யார் எழுதிப்போட்டார்களோ தெரியாது, ஒரு நாள் காலை உண்மையாகவே வண்டி வந்தது. தெருமுனையில் அதை முதலில் பார்த்தது அம்மா. தண்ணீர்க் கஷ்டத்தில் வெந்துபோயிருந்தவள், குடத்தை இடுப்பில் வைத்தபடியே தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"போரு வந்துடுச்சி! போரு வந்துடுச்சி!"

பெரியம்மா அப்போது வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். வாளி கையிலிருந்து விழுந்தது. அவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். அம்மாவுக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தண்ணிப் போருதான்க்கா, தண்ணிப் போரு, கண்ணத் தொறக்கா" என்று அழுதாள். கோயிலில் என் காதைத் திருகிய அதே கைதான் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பெரியம்மா செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் முதலில் கேட்டது மகனின் பெயரை.

தண்ணீர் வந்தது. மேடை கட்டிக் கறுப்பு டேங்க்கும் வைத்தார்கள். ஆக, நான் கேட்ட இரண்டுமே கிடைத்துவிட்டன. தெருவே அங்கே தண்ணீர் பிடித்தது, பெரியம்மா மட்டும் பிடிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி மூன்று தெரு தள்ளிப் போனார். இங்கேயே இருக்குதே பெரியம்மா என்று ஒரு தடவை கேட்டேன். "உப்பா இருக்குது பாப்பா" என்றார்.

மழை வந்தது. எல்லையிலிருந்து பட்டாளம் திரும்புகிறது என்று செய்தியில் சொன்னார்கள். கம்பெனி மாமாவுக்குச் சொல்லியனுப்பியது, அவரும் போனார். வியாபாரி மறுபடி கார் உண்டியல் கேட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு காலையில், தகரப் பெட்டியோடு அண்ணன் ஜங்ஷனிலிருந்து நடந்து வந்தார். கறுத்து, மெலிந்து, அடையாளமே தெரியாமல் இருந்தார்.

அன்றைக்குப் பெரியம்மா குடத்தோடு எங்கள் தெருக் குழாய்க்கு வந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். குடத்தை நிரப்புவதற்கு முன்னால் இரண்டு கையாலும் ஏந்தி, முகமெல்லாம் நனைய, மூச்சுவிடாமல் குடித்தார்.

"உப்பு போயிடுச்சா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"போயிடுச்சி பாப்பா. நல்லாருக்குது."

அவர் போனதும் நானும் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். நேற்றுக் குடித்த அதே உப்புதான். வயசானவர்களுக்கு நாக்கு கெட்டுவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.