அதே நீலம்

எங்கள் தாராவி வீடு ஒரே அறைதான். அதில் டிவி, ஃபிரிட்ஜ், தண்ணீர் ஃபில்டர், தலையணை எல்லாவற்றுக்கும் நான் குரோஷா ஊசியால் பின்னிய உறை உண்டு. சுவர் என்ன நிறமோ அதே நிறத்தில்தான் பின்னுவேன். கிழிந்த சேலையைக் கட்டினாலும் கட்டுவேன், வெளிர்நீலச் சுவரை ஒட்டி ஒரு சிவப்பு உறையை வைக்கமாட்டேன். எனக்குக் கிறுக்கு என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். இத்தனை சிறிய அறையில் சாமான்களெல்லாம் சுவர் நிறத்தில் இருந்தால் கண்ணாவது கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளும்.

நூல் வாங்கி வருவது என் வீட்டுக்காரர் வேலை. அவர் தோல்பை தைக்கும் கார்கானாவில் இருந்தார். தோலின் நிறத்துக்கு நூல் பொருத்துவதில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று முதலாளி சேட்டே சொல்வாராம். சுவரில் பொருக்கு விட்ட பெயிண்டில் ஒரு சில்லைப் பெயர்த்து, காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாதர் நூல்கடைக்குப் போவார். கடை விளக்கை நம்பமாட்டார். நூல்கண்டை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் சில்லோடு சேர்த்துப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் நூலைச் சுவரில் வைத்துப் பிடித்து, "பரோபரா?" என்பார். சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதும் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

ஒருநாள் பச்சை நூலோடு வந்து நின்றார்.

"என்னங்க, இது பச்சைல்லா!"

"வெளையாடாதட்டி. சில்ல வச்சுப் பாத்துத்தான் வாங்குனேன்."

"அப்பம் கடக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுபோல" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நூலைச் சுவரில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "கார்கானால ஒருத்தர்ட்டயும் சொல்லிராத" என்றார்.

சுகர் கண்ணுக்கு ஏறியிருந்தது. எந்த நூல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதுவரை வேலையை ஓட்டியிருக்கிறார். ஒருநாள் யாரோ அலமாரித் தட்டைத் துடைத்துவிட்டு நூல்களை மாற்றி அடுக்க, பழுப்புத் தோலுக்குப் பச்சை நூல் போய்விட்டது. சேட் சத்தம்கூடப் போடவில்லை. "கண்ணைக் காட்டிவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் மறுபடி கூப்பிடுவார் என்று தெம்பாக இருந்திருப்போம்.

ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பார்வை நிற்கவில்லை. இப்போது அவருக்கு வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். நான் மாட்டுங்காவில் சமையலுக்குப் போகிறேன். திரும்பி வரும்வரை அவர் கட்டிலில் உட்கார்ந்து டிவி உறையின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருப்பார்.

போன மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறி உப்பிவிட்டது. மழை விட்டதும் வீட்டுச் சொந்தக்காரர் பெயிண்டரை அனுப்பினார். மாடிப்படிக்கு அடித்ததில் மிச்சமிருந்த மஞ்சளைக் கொண்டுவந்தான் அவன். வாசனை வந்ததும் இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன கலரு அடிக்கான்? அதே நீலந்தான? இல்லன்னா உன் உறையெல்லாம் வீணாப் போயிருமேட்டி."

"அதே நீலந்தான்" என்றேன்.

பெயிண்டருக்குத் தமிழ் தெரியாது. மஞ்சளை இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. இவர் தெளிவாகப் பார்த்த கடைசி நிறம் அந்த நீலம். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்கானாவில் இவரோடு வேலை பார்த்தவர் பார்க்க வந்தார். இவருக்கு ஒரே குஷி. வந்தவர் கையைப் பிடித்து இழுத்து டிவி உறைமேல் வைத்து, "செவரப் பாரு, இதப் பாரு. நான் பாத்து வாங்குன நூலு. எங்கயாவது வித்தியாசம் தெரியுதா?" என்றார்.

வந்தவர் மஞ்சள் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பரோபரா இருக்குண்ணே" என்றார். போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அதன்பிறகு வரவில்லை.

போன வாரம் தலையணை உறை கிழிந்துவிட்டது. மஞ்சளில் பின்னலாம் என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. என் கண்ணுக்கும்தான் ஆசை இருக்கிறது. ஆனால் அவருடைய பழைய சட்டைப் பையில் அந்தக் காகித மடிப்பு அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு தாதருக்குப் போனேன். நூலை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சில்லோடு வைத்துப் பார்த்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார். கண்டை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவிக் கண்டுபிடித்து, முன்பு போலவே நூலை அதில் அழுத்திப் பிடித்தார். மஞ்சள்மேல் அந்த நீலம் தனியாகத் தெரிந்தது.

"பரோபரா?" என்று கேட்டார்.

"பரோபர்" என்றேன்.

முகத்தில் அந்தக் களை வந்தது.