ராணியின் தகப்பனார்

தென்காசியில் நான் ஐந்தாம் பாரம் படித்தபோது, ஆவணியில் நடந்த பள்ளி விழாவுக்குத் தமிழ் வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். மந்திரி சொன்ன கோளை நம்பி ராஜா தன் ராணியைக் காட்டுக்கு விரட்டுகிறான். கடைசியில் உண்மை தெரிந்து அழைத்துக்கொள்கிறான். குரல் பெரிதாக இருந்ததால் நான் ராஜா. மீசை அரும்பாததாலும் நன்றாகப் பாடியதாலும் என் சிநேகிதன் ராணி.

அவன் மேலகரத்துக்காரன். அவன் அப்பாவுக்கு வயலும் மாடும் உண்டு; கோபமும் உண்டு. மகன் சேலை கட்டுவதற்கு அவர் சம்மதிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாத்தியாரே நேரில் போய், "உங்க மகன் அரச குடும்பத்துல வாரான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழாவன்று அவர் சலவை வேட்டியோடு வந்து, முன்வரிசையில் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிரீடத்தோடு நான் வந்ததும் அவர் முகம் சற்று வாடியது. பிறகு ராணி வந்தாள். மூக்கை வைத்துத்தான் அவர் மகனைக் கண்டுபிடித்திருப்பார். அது அவருடைய மூக்கு.

அப்பாவைப் பார்த்ததும் சிநேகிதன் நடுங்கினான். ராணி நடுங்க வேண்டிய கட்டம்தான் அது. சபை மிகவும் ரசித்தது. "போ காட்டுக்கு" என்று நான் கை நீட்டினேன். அவன் நிஜமாகவே அழுதான்.

முன்வரிசையில் அவர் எழுந்தார். மகனை இழுத்துக்கொண்டு போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது என்னை.

"ஏலே, அவ என்ன செஞ்சான்னு வெரட்டுத? கோளு சொன்னவன் அங்கன நிக்கான். அவனைக் கேளு."

மந்திரி மெதுவாகத் திரைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான். எனக்கு இதற்கு வசனம் கிடையாது. பக்கத்திரை மறைவிலிருந்து வாத்தியார், "வெரட்டுலே" என்றார். விரட்டினேன். தலைமையாசிரியர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசிக் காட்சியில் ராணி அரண்மனைக்குத் திரும்பிய பிறகுதான் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் காலை, முகத்தில் ஒட்டியிருந்த அரிதாரத்தைக் கழுவ நாங்கள் இருவரும் குற்றாலத்துக்குப் போனோம். அங்கே அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார். மகனை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம், "நீ முதல்லயே விசாரிச்சிருக்கணும்" என்றார்.

"வாத்தியார் அப்படி எழுதலை மாமா."

"அவரு எழுதலேன்னா என்ன? நீதானலே ராசா."

நான் அருவிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வருஷமும் மகன் ராணியாக நடிக்க அவர் சம்மதித்தார். ராஜா வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று மட்டும் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டார். நான் வாயிற்காவலனாக ஈட்டி பிடித்து நின்றேன். ராணி வரும்போதெல்லாம் வழிவிட்டேன்.