முப்பது அட்டைப் பெட்டிகள்

ஹந்தானையில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு மேலே, நாற்பது படி ஏறினால் அவர் வீடு. ஒல்லியான, நெட்டை மனிதர், தனியாக இருந்தார். சனிக்கிழமை தோறும் பட்டர் கேக் அடித்து, பூப்போட்ட பீங்கான் தட்டுகளில் வைத்து, அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் தானே கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் பக்கத்தில் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஞாயிறு மாலை வடையோ வாழைப்பழமோ வைத்து மேலே கொண்டுபோகிறவர்கள் அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

எனக்கோ எதையும் சுலபமாக்கிவிடும் துடிப்பு. டவுனில் கேக் வைக்க முப்பது அட்டைப் பெட்டி வாங்கிப்போய் நீட்டினேன்.

“இனி பீங்கானைத் தூக்கிட்டு யாரும் படி ஏறத் தேவையில்ல, அங்கிள்!”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அட, நல்ல பெட்டியா இருக்கே தம்பி.”

மூன்றாவது ஞாயிறு சும்மா மேலே போனேன். வாசலில் நான்கு கதிரைகள். ஒன்றில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, வாங்க! உக்காருங்க, டீ ஊத்துறேன். போன ரெண்டு ஞாயிறும் யாரும் வரல்ல, இன்னைக்கும் காணோம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “பழையபடி பீங்கான்லயே குடுங்க அங்கிள். பெட்டியை வீசிருங்க.”

“சேச்சே! நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தது. இன்னும் பன்னெண்டுதானே இருக்கு.”

அடுத்த இரண்டு வாரமும் கேக் பெட்டியில்தான் வந்தது. முதல் நாளே வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் ஐந்து ஞாயிறுகளை விட்டுக்கொடுப்பாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.