சந்தனம் வைக்காத தகடு

என் மகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் சேர ஒரு வழிகாட்டி வேண்டியிருந்தது. வழிகாட்டி என்றால் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஒரு பேராசிரியர், ‘இந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாதாம். தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் என்று ஒருவர்தான் அகப்பட்டார். அவர் ஓர் இணையக் குழு நடத்திவந்தார். அந்தக் குழுவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பத்தாவது வரை படித்தவள் பெரிய படிப்புக்காரர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் என்னைப் பற்றி எழுதும்போது என்னிடம் கேட்கவில்லை.

வரலாறு, பண்பாடு, தத்துவம் என்று யார் எதை ஆராய்ந்தாலும் ஓர் இணையதளத்தில் ஏற்றி, எல்லாரும் படிக்கும்படி பகிர்வது அந்தக் குழுவின் வேலை. ‘தத்துவம் தெருவுக்கு வர வேண்டும்’ என்று முகப்பில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பேன். மகள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருப்பாள். முதல் கால் மணி நேரம் ‘என் குரல் கேக்குதா, என் குரல் கேக்குதா’ என்பதிலேயே போகும். பிறகு ஒருவர், நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, நான் கீரையை உருவி, கழுவி, தாளித்து இறக்கும்வரை பேசுவார். முடித்ததும் எல்லாரும் கைதட்டுகிற படத்தை அனுப்புவார்கள். ‘மிக முக்கியமான தலையீடு’ என்பார்கள். எதில் தலையிட்டார் என்று யாரும் கேட்டதில்லை.

“தத்துவம் தெருவுக்கு வரணும்ங்காகளே, நம்ம தெருவுல தண்ணி வர்ற நேரமாப் பாத்து வரச் சொல்லு பிள்ள. ரெண்டு குடம் தூக்கிக் குடுக்கட்டும்” என்றேன் ஒரு நாள்.

“அம்மா, மெல்லப் பேசுங்க. மைக்கு ஆன்ல இருக்கு.”

ஆனில் இருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. அவர்களே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை. கட்டுரையைத் திறக்காமலே ‘ஆழம்’ என்று எழுதுகிறவர்களை என் மகளே எனக்குக் காட்டியிருக்கிறாள். ஏற்றிய அடுத்த நிமிடம் ‘முழுவதும் வாசித்தேன், நெகிழ்ந்தேன்’ என்று வந்து நிற்கும். கட்டுரை நாற்பது பக்கம்.

நான் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். குழாயில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. எங்கள் அறை வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தூண் உண்டு. அதில் ஒரு செம்புத் தகடு. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை முழுசும் தகட்டில் படும்படி வைத்து எடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பேருந்தில் உட்கார்ந்து வந்ததில், சேலை உரசியதில் உடம்பில் தேங்கிய மின்சாரம் தகடு வழியாக இறங்கிவிடும். தகட்டின் பின்னால் ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. போகிற இடத்தில் கரியும் உப்பும் போட்ட குழி. குழி காயக் கூடாது என்பதற்காகத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். அந்த மின்சாரம் உடம்பிலேயே இருந்து, மருந்தில் கை வைக்கும்போது ஒரு பொறி தட்டினால் போதும். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அது உண்மை. மாரியம்மனை நினைத்து, போனபடியே திரும்பி வரணும் தாயே என்று ஒற்றிக்கொள்வோம். எங்களோடு வேலை பார்க்கிற வேதக்காரப் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கும்பிடு சாமிக்கு, தொடுவது மின்சாரத்துக்கு. இரண்டும் வேறு என்று வேலைக்கு வந்த முதல் நாளிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆயுத பூஜைக்குச் சல்லடை, கரண்டி, தராசு, போர்மேன் அண்ணாச்சியின் குடை வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தத் தகட்டுக்கு மட்டும் வைக்க மாட்டோம். சந்தனம் காய்ந்து தோலாகப் படிந்துவிட்டால் கை செம்பில் படாது. சாமி மேல் இருக்கிற பக்தியால்தான் அதை வெறுமனே விட்டிருக்கிறோம்.

மகள் குழுவில் ஒரு நாள், என் அம்மா பட்டாசு வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிட்டாள். பேராசிரியருக்கு அன்றைக்கே நாங்கள் ஆராய்ச்சிக் களம் ஆகிவிட்டோம். தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒரு நாள் முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் வாசலில் நின்றார். நாங்கள் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதையும் நான் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் பார்த்துவிட்டு, “இது என்ன தெய்வம்மா?” என்று கேட்டார்.

எங்கள் மதினி, என் அண்ணன் மனைவி, என்னோடுதான் வேலை பார்க்கிறாள். வாய் சும்மா இருக்காது.

“இதுவா சார்? இது எங்க செம்பாத்தால்லா. கும்பிடாம உள்ள போனா கோவிச்சுக்கிடுவா. தெனம் ஒரு கொடம் தண்ணி குடிப்பா. பீடி குடிக்கிறவுகளக் கண்டா ஆகாது.”

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்பது கட்டுரை வந்த பிறகுதான் விளங்கியது. மதினி சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. ‘கல்வியற்ற பெண்கள் தங்கள் மரண அச்சத்தை ஓர் உலோகத் தாயிடம் ஒப்படைக்கிறார்கள்’ என்று இருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் ‘நீர்ப்பலி’ ஆகியிருந்தது. பீடிக்குத் தனியாக ஒரு பத்தி.

குழு அதைக் கொண்டாடியது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், பழங்காலத்தில் அங்கே உலோகத்தைக் கும்பிட்டவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். செம்பாத்தா கன்னியா, சுமங்கலியா என்று இரண்டு பேர் மூன்று வாரம் சண்டை போட்டார்கள். ஒரு சண்டையில் ஒருவர் குழுவை விட்டே போனார். போகுமுன் நீண்ட கடிதம் எழுதினார். அதற்கும் கைதட்டு வந்தது.

மகள் பேராசிரியருக்குத் தனியாக எழுதினாள்: சார், அது எர்த்திங், மின்சாரம் மண்ணுக்குப் போவதற்கு வைத்தது. பதில் வந்தது: ‘பயன்பாட்டு விளக்கம் என்பது ஓர் அடுக்கு மட்டுமே. நீங்கள் அதற்கு மேலே ஏறிப் பார்க்கப் பழக வேண்டும்.’ மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார். கம்பி கீழே போகிறது.

“கையெழுத்து வாங்குற வரைக்கும் பேசாம இருந்துருவோம்மா” என்றாள். நானும் சரி என்றேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாளில், குழுவோடு வருவதாகவும் அப்போது கையெழுத்தும் போட்டுத் தருவதாகவும் பேராசிரியர் சொல்லியிருந்தார். வேனில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். போர்மேன் அண்ணாச்சி சாவியோடு நின்றார். என் மகள் விண்ணப்பத்தைக் கவரில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

அவர்களில் ஓர் அம்மா பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். திருத்தங்கலில் வாங்கிய சாமந்தி மாலையும் இருந்தது. நேரலையில் பார்ப்பவர்களுக்குக் கட்டுரையில் இருப்பதுபோல ஒரு காட்சி வேண்டுமாம். பேராசிரியர் தம் கையாலேயே தகடு முழுக்கச் சந்தனத்தை அப்பினார். நடுவில் குங்குமம். தூணுக்கு மாலை. அவர் சாமி கும்பிடாதவர் என்று மகள் சொல்லியிருக்கிறாள். கும்பிடாதவருக்குத்தான் சாமி என்றால் இவ்வளவு விளையாட்டாக இருக்கும்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மகள் கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

“அம்மா, நீங்க அங்க நின்னு கும்பிடுங்க, வழக்கமா செய்யற மாதிரி” என்றார் அந்த அம்மா.

கும்பிட்டேன். மாரியம்மன் என்னை மன்னிக்கட்டும். பொய்ச் சாமி முன்னால் கை கூப்பி நின்றேன், என் பிள்ளைக்கு ஒரு கையெழுத்து வரும் என்று. பேராசிரியர் கேமராவைப் பார்த்து நம்பிக்கையின் அழகியல் என்று பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மகள் கவரை நீட்டினாள். பேனா எடுத்தவர், நிதானமாகப் படித்துவிட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுகிறேன் என்று கவரை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு துணியால் தகட்டைத் துடைத்தார். மஞ்சள் பூசியது போலப் பரவியதே தவிரப் போகவில்லை.

“இது போதுமா அண்ணாச்சி?”

“போதாது. காஞ்சா இன்னும் மோசம். காலைல எல்லாரும் வர்றதுக்கு முன்ன புளி கொண்டுட்டு வா. நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?” என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு வேண்டியதுதான்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் போய், புளியும் உப்பும் போட்டுத் தகட்டைத் தேய்த்தேன். ஓரத்து ஆணி இடுக்கில் இருந்ததைக் குச்சியால் நோண்டி எடுத்தேன். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். அழுகையும் வந்தது, தேய்ப்பதை நிறுத்தவில்லை. மதினியும் மற்றவர்களும் வந்தபோது தகடு புதுச் செம்பாக இருந்தது. குழுவிலிருந்து ஒருவர் சிவகாசியில் லாட்ஜில் தங்கியிருந்திருக்கிறார். வேலை நாள் படம் எடுப்பதற்காகக் கம்பெனி கேட் அருகே நின்றவரை நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மகள் போனை என்னிடம் நீட்டினாள். இணையதளத்தின் முகப்பில் நான். முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையால் தகட்டைத் தேய்த்து, மறு கையால் குடத்தைச் சாய்க்கிறேன். கன்னத்தில் கண்ணீர். கீழே எழுதியிருந்தது: ‘செம்புத் தாய்க்கு அதிகாலை அபிஷேகம். தன்னை மறந்த நிலையில் ஒரு பக்தை.’ அதற்குக் கீழே ஆழம், ஆழம், நெகிழ்ந்தேன், ஆழம்.

“இன்னும் கையெழுத்து வரலம்மா. நாளைக்கு அனுப்புறேன்னு இப்பதான் மெசேஜ் போட்டாரு.”

“சரி.”

அவள் போனைத் திரும்ப வாங்கி எதையோ தட்டினாள். படித்துக் காட்டினாள். “படத்தில் இருப்பவர் என் அம்மா. இது அபிஷேகம் இல்லை. நீங்கள் பூசிய சந்தனத்தை அவர் புளி போட்டுத் தேய்த்து எடுக்கிறார். எடுக்காவிட்டால் அன்று அந்த அறைக்குள் போன பெண்களின் உயிருக்கு ஆபத்து. செம்பாத்தா என்று ஒரு சாமி இல்லை. அது என் அத்தை சொன்ன கேலி.” படித்து முடித்துவிட்டு, “போடவாம்மா?” என்றாள். விரல் போனுக்கு மேலே நின்றது.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிய கை ஞாபகம் வந்தது. இந்த இரண்டு நாளில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது கம்பெனித் தகட்டில் பக்தியோடு சந்தனம் வைத்தால்?

“கரியும் உப்பும் போட்ட குழியையும் சேத்து எழுது பிள்ள. தண்ணி எதுக்குன்னும் தெரியட்டும்” என்றேன்.

எழுதினாள். போட்டாள். கொஞ்ச நேரத்தில் பேராசிரியரே பதில் போட்டார்: ‘மிக முக்கியமான தலையீடு. விரிவாக உரையாடுவோம்.’ படம் அங்கேயே இருந்தது. தலைப்பும் அப்படியே. வியாழன் கையெழுத்து வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை பார்த்தால் என் மகளைக் குழுவில் காணோம், யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் எழுதியதும் போயிருந்தது. ஆழம் எல்லாம் பத்திரமாக இருந்தது.

ஒரு வருடம் போயிற்று. மகள் திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அடுத்த விண்ணப்பத்துக்கு வேறு ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் செவ்வாய் தவறாமல் அம்மனிடம் கேட்கிறேன். அவளிடம் கேட்கும்போது கை கூசவில்லை.

போன வருடம், பிள்ளைக்குக் கையெழுத்து கிடைக்காத விஷயம் தெரிந்த அன்று, மதினி எங்கள் வேலை அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

“என் வாயாலதான தாயி பிள்ளைக்கு இப்படி ஆச்சு. செம்பாத்தான்னு நான் பாட்டுக்கு ஒளறிட்டேன்.”

“நீங்க ஒளறுனீக மதினி. அதுக்கு அடிக்குறிப்பு போட்டது அவுகள்லா” என்றேன். “உள்ளங்கை முழுசும் படணும். தொட்டுட்டு வாங்க.”