கல்யாணத் தொட்டியில் வந்த பூ

எங்கள் ஏரியைப் பாழாக்கிய செடி கல்யாணச் சீரோடு வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது நாங்கள் மதராஸ் ராஜ்யத்துக்காரர்கள். நைனாவின் ஒரே தங்கை, என் அத்தை, பொன்னேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பந்தல் வாசலில் வைக்க ஒரு தகரத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதில் ஊதாப் பூ பூத்த செடி ஒன்றை மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பட்டணத்துப் பங்களாக்களில் அழகுக்கு வளர்ப்பதாம். காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். பூவோ, அடேயப்பா, நடு இதழில் மயில்கண் வைத்திருக்கும்! கூட்டம் மணப்பெண்ணை விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றது.

கல்யாணம் முடிந்ததும் முளைப்பாலிகையை ஏரியில் விடப் போனார்கள். மண் கிண்ணங்களில் நவதானியம் முளைக்கவைத்து, கடைசியில் சுமங்கலிகள் தண்ணீரில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். சின்னப் பிள்ளை ஆசைப்படுகிறதே என்று எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். தொட்டிச் செடியை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. மங்கலப் பொருளைக் குப்பையில் போட முடியுமா? பாலிகையோடு அதையும் ஏரியில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ஐப்பசி மழைக்கு அது ஒரு பாய் அகலம் பரவியது. ஊருக்கே சந்தோஷம். கல்யாணப்பூ என்று பேரும் வைத்தாயிற்று. செடி தழைப்பது போல அத்தை குடித்தனமும் தழைக்கும் என்றார்கள். மீன் பிடிப்பவர்கள் மட்டும் வலை சிக்குகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒரு கூடையில் அள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் அப்போதே. நைனா விடவில்லை.

“வாழப்போன பொண்ணு பேரைச் சொல்லி வுட்ட செடி. எவனும் கை வைக்கக்கூடாது” என்றார்.

செடி ஏன் அப்படி வளர்ந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலுக்கு அப்பால் அது பிறந்த தேசத்தில் அதன் இலையைச் சுரண்டவும் காம்பைத் துளைக்கவும் வண்டுகள் உண்டாம். வளர வளரத் தின்று, அதை ஒரு அளவில் வைத்திருக்குமாம். இங்கே யார் இருக்கிறார்கள்? எருமைகூட மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஓடாத தண்ணீர், நல்ல வெயில், மாடு கழுவுகிற சாணிச்சத்து, போதாதா? ஒரு துண்டு உடைந்து ஒதுங்கினால் அதுவே ஒரு செடி. பிடுங்கினாலும் விதை சேற்றுக்குள் வருஷக்கணக்கில் தூங்குமாம்.

சில வருஷத்தில் ஏரியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. மதகு அடைத்துக்கொண்டு நெல் காய்ந்தது. ஊரார் மனு எழுதினார்கள். அதற்குள் எல்லை முடிவாகி நாங்கள் ஆந்திராவாகிவிட்டோம். பழைய ஆபீசில் இது இனி எங்கள் ஏரி இல்லை என்றார்கள். புது ஆபீசில் தெலுங்கில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். செடிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்த தண்ணீரோடு எல்லையைத் தாண்டி அந்தப் பக்கமும் போய்விட்டது.

அத்தை குடித்தனம் மட்டும் தழைக்கவில்லை. பிள்ளை இல்லை. வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இளைத்து வருவாள். சாப்பிட உட்கார்ந்தால், யாரோ பார்க்கிறார்கள் என்பது போல அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் அவளுடைய மாமியாரே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

“எங்க ஊரு செடி உங்க ஏரில இன்னாமா பெருகிக்கினு கீது! உங்க ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்ல வந்து இத்தினி வருஷமாச்சி, ஒண்ணாச்சும் துளிர்த்துதா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மாள் நிறுத்தவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று, இவள் வேண்டுமானால் ஒரு ஓரமாக இருந்து சமையலைப் பார்க்கட்டும், நாளைக் காலை பஸ்ஸில் அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டு மத்தியானமே புறப்பட்டுப் போனார். நைனா அவரைப் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வேறென்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் வாரி வாரிக் கரையில் எறிந்தாள். கறுத்த வேர்களிலிருந்து சேறு சொட்டியது. “ஐயோ, வாணாம்மா, அபசகுனம்” என்று பெண்கள் கரையிலிருந்து கெஞ்சினார்கள். “ஏறி வாடி மேல, மானம் போவுது” என்று நைனா கத்தினார். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயும்போது முற்றம் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் வானம் தெரிந்ததைப் பார்த்து நான் கைதட்டினேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், அது ஏன் அத்தை இப்படி வளருது என்று கேட்டேன்.

“இங்க அதக் கடிச்சிக் கொதற ஒருத்தரும் இல்ல கண்ணு. அதான் நிம்மதியா வளந்துக்கினு கீது” என்றாள்.

எனக்கு அது எவ்வளவு சுலபமாகப் பட்டது!

“அப்ப நீயும் இங்கயே இருந்துடு அத்தை” என்றேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. பெரியவர்கள் சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தையை, அந்த வீட்டில் சொன்னவள் நான் ஒருத்திதான். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து, அத்தை திறந்துவைத்திருந்த அந்த இடத்துக்கே மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லையே, அதனால் சரி என்றுதான் அர்த்தம், காலை பஸ்ஸில் அத்தை போகமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் பாயில் பாதியை அத்தைக்கு விட்டு, ஓரமாக ஒடுங்கிப் படுத்துத் தூங்கிப்போனேன்.