வீட்டுக்குள் ஒரு ஹோல்டு ஏரியா

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு காலை. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பின்சீட்டிலிருந்து முனிராஜ் தலையை நீட்டினான். என்னோடு குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறவன்.

"என்னண்ணா, தர்ஷினி பாப்பாவுக்கு பெங்களூர்ல சீட்டு கெடச்சிருச்சாமே! ஸ்வீட் எங்க?"

"கெடச்சிருக்கு முனி... ஆனா இன்னும் கெடைக்கல."

"இதென்னண்ணா, நேத்து மஞ்ச டேக் போட்டமே, அந்த லாட் மாதிரியா?"

"அதேதான்!"

பஸ்ஸே சிரித்தது. குட்டிகளே, உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

தர்ஷினி என் மகள். ப்ளஸ் டூ எழுதியிருந்தாள். பெங்களூரில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஏகப்பட்ட போட்டி. நுழைவுத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டினாள். மெயில் வந்தது. 'உனக்கு இடம் உண்டு. ஆனால், ப்ளஸ் டூ கணக்கில் தொண்ணூறு எடுத்திருக்க வேண்டும்.'

பரீட்சை எழுதி முடித்தாயிற்று. ரிசல்ட் வரவில்லை. இனி விழுந்து விழுந்து படித்தாலும் ஒரு மார்க் ஏறாது. அவளுக்கோ கடைசிக் கணக்கில் சந்தேகம். வா என்கிறார்கள் — ஆனால் வாசலிலேயே நில் என்கிறார்கள். இதற்குப் பெயர்தான் நிபந்தனையோடு கூடிய அட்மிஷன்.

சரி, மஞ்சள் டேக்?

எங்கள் கம்பெனியில் லாரிக்கு வேண்டிய இரும்பு பார்ட்ஸ் செய்கிறோம். நல்லது என்றால் பச்சை டேக், அதாவது அட்டை, கட்டுவோம். தேறாது என்றால் சிவப்பு. ஒரே தடவையில் செய்த மொத்தச் சரக்கில், அதாவது ஒரு லாட்டில், சந்தேகம் இருந்தால்? மஞ்சள். அதற்கு ஹோல்டு என்று பெயர். தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவோம். முடிவு வரும்வரை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, அடுத்த மெஷினுக்கு அனுப்பக்கூடாது. பல வருஷமாக இதுதான் என் வேலை. தப்பு நடக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நம்புகிறவன் நான்.

வீட்டிலும் அதையே செய்தேன்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் அவகிட்ட யாரும் காலேஜ் பேச்சே எடுக்கக் கூடாது" என்று மனைவி செல்வியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சாத்தூரில் என் தம்பி வீட்டுக் காதுகுத்து வந்தது. போனால் சொந்தக்காரர்கள் கேட்பார்களே? போகவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள் தர்ஷினி. ரிசல்ட் வரட்டும். தோழி வீட்டுக்கு சூளகிரி போய் வரட்டுமா என்றாள். ரிசல்ட் வரட்டும்.

எதிர்வீட்டு மஞ்சுளா அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்கள் ஓசூர்த் தெருவில் எல்லோருக்குமே பேச்சுக் கன்னடம் கொஞ்சம் வரும், எழுத்துதான் வராது. பெங்களூர் போவதற்குள் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தர்ஷினி மாலையில் அங்கே போய்க்கொண்டிருந்தாள். அதையும் நிறுத்தினேன். நாளைக்கே சீட் இல்லை என்று ஆகிவிட்டால், அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு வலிக்காதா?

நல்ல எண்ணம்தான்... நம்புங்கள்.

மஞ்சுளா அக்கா வாசல் கேட் அருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், பாப்பா ஏன் வர்றதில்ல?"

"ரிசல்ட் வரட்டும்க்கா."

"அ ஆ இ ஈ படிக்கிறதுக்கு எதுக்கு சார் ரிசல்ட்டு?"

சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. டிபன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே தர்ஷினி — சட்டையில் ஊக்கு போட்டுக் குத்திய ஒரு மஞ்சள் அட்டை! சின்ன வயதிலிருந்து என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா? எங்கள் கம்பெனி டேக் மாதிரியே கட்டம் போட்டு நிரப்பியிருந்தாள். பொருள்: தர்ஷினி. நிலை: ஹோல்டு. காரணம்: கணக்கு. பொறுப்பு: அப்பா.

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் தோசைக்கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"என்ன பாப்பா இது?" என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்கப்பா. ஹோல்டு ஏரியாவுல கை வைக்கக் கூடாது."

"கிண்டலா?"

"கிண்டல் இல்லப்பா. யுனிவர்சிட்டி சீட்டத்தான் நிறுத்தி வச்சிருக்கு. நீங்க என்னையே நிறுத்தி வச்சிட்டீங்க. நான் உள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்ச மாத்துறீங்க. எனக்கு பயமா இருக்குப்பா. அத யார்கிட்டயாவது சொல்லணும்ல? சொல்லவே விடமாட்டேங்கறீங்க."

தோசைத் தட்டைத் தள்ளி வைத்தேன். இரும்பைக் கட்டத்துக்குள் வைத்தால் அது அப்படியே கிடக்கும். பயப்படாது. பெண்பிள்ளை?

"சரி, அந்தக் கடைசிக் கணக்கு என்ன, சொல்லு" என்றேன்.

சொன்னாள். பேப்பர் எடுத்து, படம் போட்டு, எங்கே தப்பு விட்டிருப்பாள் என்பது வரை சொன்னாள். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் கடைசிவரை கேட்டேன். அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உங்கள் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் "ரிசல்ட் வரட்டும்" என்கிறார்களா? ஒரு மஞ்சள் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பொறுப்பு என்ற இடத்தில் பெயர் எழுத மட்டும் மறக்காதீர்கள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் எண்பத்தாறு.

இந்த ஆண்டு இடம் தர இயலாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து மரியாதையாக ஒரு மெயிலும் வந்தது. தர்ஷினி அழுதாள். செல்வியும் அழுதாள். நான் மாடிக்குப் போய், நிரம்பியிருந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் முனிராஜ் மெதுவாகக் கேட்டான். "செகப்பாண்ணா?"

"சீட்டுக்குத்தான் செகப்பு, முனி."

அவன் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

அன்று மாலை முகம் கழுவிக்கொண்டு தர்ஷினி கன்னட நோட்டை எடுத்தாள். 'பெங்களூரே இல்லேன்னு ஆயிருச்சு, இனிமே எதுக்கும்மா இது?' என்ற கேள்வி என் பல் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இனி கவுன்சலிங்தான். பர்கூரில் இருக்கும் இன்ஜினியரிங் காலேஜை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போன வாரம் இரண்டு பேரும் கிளம்பினோம். முதலில் கிருஷ்ணகிரி போக வேண்டும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஒரு கர்நாடக பஸ் வந்து நின்றது. முன்னால் போர்டு முழுக்கக் கன்னடம். எப்போதும்போல, எந்த ஊர் என்று கேட்க நான் கண்டக்டரைத் தேடி ஓடினேன்.

தர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறுங்கப்பா. சேலம், கிருஷ்ணகிரி வழி."

இத்தனை வருஷ ஓசூர் வாழ்க்கையில், கண்டக்டரைக் கேட்காமல் ஏறிய முதல் கர்நாடக பஸ் — அதனால்தான் ஜன்னலோர சீட்டும் கிடைத்தது!