நிறம் மாறாத சோதனைக் குழாய்

மூன்று வருடங்களுக்கு முன், தாம்பரத்தில் நான் வேதியியல் ஆசிரியையாக வேலை பார்க்கும் கல்லூரியில் நடந்தது இது. அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டான குழந்தை.

எனக்கு ரத்தசோகை. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, மறைமலை நகரில் வேலை பார்க்கும் என் கணவர் வரும் வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி வருவார். ஒருநாள் விடாமல் விழுங்கினேன். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தத்தின் அளவு குறைந்துகொண்டேதான் வந்தது.

"மோஷன் கருப்பா போகுதாம்மா?" என்று கேட்டார் டாக்டர். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு என் அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணு மாத்திரையை ஒழுங்கா சாப்பிடல. இப்படியே போனா குழந்தைக்குத்தான் ஆபத்து."

அவ்வளவுதான், வீட்டில் விசாரணை ஆரம்பமாயிற்று. சின்ன வயதில் நான் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிய கதையெல்லாம் வெளியே வந்தது. "பைபிள் மேல கை வெச்சு சொல்லு, சாப்பிடுறியா இல்லியா?" என்றார் அம்மா. சத்தியம் பண்ணவே கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கை வைத்துச் சொன்னேன். அப்புறமும் எதிரே நின்று, விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். பாத்ரூம் போனால், "துப்பிட்டு வர்றியா?" என்பார். கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இதில் கொடுமை என்னவென்றால், வேதியியல் படித்த எனக்கே மாத்திரை மேல் சந்தேகம் வரவில்லை, என் உடம்பின் மேல்தான் வந்தது.

அந்த வாரம் மாணவிகளுக்கு மாத்திரையில் இரும்பின் அளவைக் கண்டுபிடிக்கும் செய்முறை வகுப்பு. மாத்திரையின் மேல்பூச்சைக் கழுவி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அதற்கான ரசாயனங்களைச் சேர்த்தால், இரும்பு இருக்கிற கரைசல் ஆரஞ்சாகச் சிவக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு இரும்பு. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்கிற கருவி அதை எண்ணாகக் காட்டிவிடும். மாத்திரையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒருத்தி மறந்துவிட்டு வந்து கையைப் பிசைந்தாள். என் கைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன்.

எல்லோருடைய குழாயும் சிவந்தது. அவளுடையது வெறும் தண்ணீர் மாதிரி நின்றது.

"ரீஏஜென்ட் போட மறந்துட்டியா?"

"போட்டேன் மேம்."

"போட்டா எப்படி கலர் வராம போகும்? பொய் சொல்லாத."

அவள் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா போட்டேன் மேம்."

அந்தச் 'சத்தியமா' என்னைப் பிடித்து உலுக்கியது. இன்னொரு மாத்திரையை எடுத்து நானே செய்தேன். மாத்திரையே சேர்க்காத கரைசலுக்குக் கருவி என்ன காட்டியதோ, கிட்டத்தட்ட அதையேதான் இதற்கும் காட்டியது. மாத்திரையில் இரும்பே இல்லை. வயிற்றில் குழந்தை அசைந்தது.

அன்று மாலையே கணவரோடு கடைக்குப் போனேன். "கம்பெனி அட்டையோட அப்படியே தர்றோம் மேடம். உள்ள இன்னா கீதுன்னு நாங்க இன்னாத்த கண்டோம்?" என்றார் கடைக்காரர். புகார் கொடுத்தோம். டாக்டர் உடனே ஊசி மருந்துக்கு மாற்றினார். ஆனால் அது உடம்பில் பிடிப்பதற்குள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை. என்னை யார் யாரோ கொடுத்த ரத்தம் பிழைக்க வைத்தது. குழந்தை போனதற்கு ரத்தசோகையும் ஒரு காரணம் என்றார் டாக்டர்.

"நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்டி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தச் செய்முறை வகுப்பு வருடா வருடம் வருகிறது. யாருடைய குழாயாவது நிறம் மாறாமல் நின்றால், பிள்ளையைத் திட்டாமல் முதலில் மாத்திரையைத்தான் வாங்கிப் பார்க்கிறேன். என்னையும் அன்று யாராவது அப்படி நம்பியிருந்தால், என் மகள் இப்போது வீடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள்.